பாகப்பிரிவினையும் பட்டத் தாளும்



சென்ற கிருத்திகைக்குத் திருப்போரூர் போயிருந்தேன். கந்தசாமியைத் தரிசித்துவிட்டுக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது, பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

"என் பெண் 2010-இல் என்ஜினீயரிங் சேர்ந்தாள். சேர்ந்தபோது ஒரு சர்வகலாசாலை, முடித்தபோது வேறொன்று! பட்டம் செல்லுமோ செல்லாதோ என்று கல்லூரிக்கு ஓடினேன். 'எங்களுக்கே பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும், அம்மா' என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார். இரண்டு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை" என்றார்.

பட்டம் செல்லத்தான் செய்தது. பெண் இன்று கைநிறையச் சம்பாதிக்கிறாள். ஆனால் அந்தத் தாய் இழந்த தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

நடந்தது இதுதான். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதலிய நான்கு கல்வி நிலையங்களை ஒன்றுசேர்த்து 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. 2001-இல் மாநிலமெங்கும் உள்ள என்ஜினீயரிங் கல்லூரிகளும் அதன் குடைக்குள் வந்தன. குடும்பம் பெருத்துவிட்டது, பாகம் பிரித்தார்கள். கோவை, திருச்சி, திருநெல்வேலி 2007-இல் தனிக்குடித்தனம் போயின. 2010-இல் மதுரையும் போயிற்று. சென்னையைச் சுற்றியிருந்த கல்லூரிகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. 2012-இல் எல்லாம் மறுபடி ஒரே குடும்பமாயின!

பிரிப்பதும் சேர்ப்பதும் தவறு என்று நான் சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிப்பது இல்லையா? ஆனால் எந்த அறை யாருக்கு, எந்த அடுப்பு யாருக்கு என்பதை மருமகளிடம் கடைசியில் சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் உலை வைக்கப் போகிறவள் அவள்தானே! கல்லூரியில் அந்த மருமகள் ஸ்தானம் ஆசிரியருக்கு. பாடத்திட்டம் எது, அரியர்ஸ் பரீட்சை எந்த விதிப்படி என்று பிள்ளைகள் கேட்பது அவரிடந்தான். அவருக்கே தெரியாவிட்டால் வதந்திதான் வாத்தியாராகிவிடும்.

சொன்னால் மாத்திரம் போதாது, கேட்கவும் வேண்டும். 2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பழைய பெயர் மற்றக் கல்லூரிகளோடு போகும். தாய் வீட்டுக்குப் புதுப் பெயர் என்று ஏற்பாடு. ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். பல வருஷமாகச் சேர்த்த நற்பெயர், வெளிநாட்டு ஒப்பந்தங்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் பழைய பெயரில் அல்லவா இருக்கின்றன என்றார்கள். பெயர் வெறும் பலகை அல்ல என்பது அதன்கீழ் உழைத்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்தப் பிரிவினை நடைமுறைக்கு வரவில்லை.

ஆசிரியர் குரலுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, சிண்டிகேட் என்று படிப்படியாகச் சபைகள் உண்டு. ஆசிரியர்களும் அவற்றில் அமர்கிறார்கள். ஆனால் நாற்காலி போட்டால் மட்டும் ஆயிற்றா? தீர்மானம் முடிந்த பிறகு காபி கொடுத்து அபிப்பிராயம் கேட்பது, கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போலத்தான். அங்கே பேசியது ஆசிரியர் அறைக்கு வந்து சேராவிட்டாலும் பயன் இல்லை.

நம்மால் என்ன ஆகும் என்கிறீர்களா? உங்கள் பிள்ளையின் கல்லூரியில் இப்படி ஒரு மாற்றம் வந்தால், மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பட்டத் தாளில் எந்தப் பெயர் வரும்? நடுவில் பாடத்திட்டம் மாறுமா? பழைய அரியர்ஸை எதுவரை, எந்த விதிப்படி எழுதலாம்? பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாத்தியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரும் உங்களைப் போல வாசலில் நிற்கிறவராக இருக்கலாம்.

அந்த அம்மாள் எழுந்தபோது, தேங்காய் மூடி ஒன்றை என் கையில் வைத்தார். "அன்றைக்கு யாராவது ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதுமே!" என்றார்.

ஒரு வரிதான், சகோதரிகளே! அது அவ்வளவு பெரிய செலவா?