கோரைக்கு மருந்தடிக்க வேண்டாம்

மழை விட்டு இரண்டு நாளானதும் கீரைப் பாத்தியைப் பாருங்கள், கோரைப்புல் தலை நீட்டியிருக்கும். உடனே களைக்கொல்லி வாங்க ஓடாதீர்கள். தோட்டப்புறங்களில் நம் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த பாராகுவாட்டை அரசாங்கமே 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பறித்துச் சமைக்கும் கீரைக்குப் பக்கத்தில் வேறொரு விஷம் மட்டும் எதற்கு?

கோரையை வெறும் கையால் இழுத்தால் இலைதான் வரும். கோத்த மணிகள் போல் கிழங்குகள் மண்ணுக்குள் தங்கி, மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் கொத்துவது இன்னும் மோசம். கிழங்கு பாத்தி முழுக்கச் சிதறும். மண் ஈரமாக இருக்கும்போதே களைக்கொத்தியை ஆழமாகக் குத்தி, நெம்பி, கிழங்கோடு எடுங்கள். அதை உரக்குழியில் போடாமல் வெயிலில் சுருங்கக் காயவைத்துக் குப்பையில் கட்டிப் போடுங்கள். (இதே கோரைக்கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், அது வேறு கதை!) ஒரே நாளில் ஒழியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால்தான் கிழங்கு சோர்ந்துபோகும்.

கோரைக்கு நிழல் ஆகாது. காலிப் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிடுங்கள். கொழுந்தைப் பிரட்டிச் சாப்பிடலாம். மற்ற சிறு களைகளுக்குப் பழைய அட்டைப்பெட்டியை விரித்து, மேலே காய்ந்த புல்லைப் பரப்பினால் போதும். வாசல் சிமெண்ட் இடுக்கில் முளைப்பதற்குக் கொதிநீர். உப்பு மட்டும் வேண்டாம், மண் கெட்டுவிடும்.

புதுச் செடி வாங்கும்போது தொட்டி மண்ணையும் கிளறிப் பாருங்கள். பல வீடுகளுக்குக் கோரை அப்படித்தான் வந்து சேர்கிறது.