நம் ஊர் வரைபடம் நம் கையில் இருக்கிறதா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கவிதைக்குத்தான் பெரிய வரிசையே நிற்கிறது, நான் ஒரு சண்டையைக் கிளப்பட்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். சண்டை இதுதான்: நம் பாலிடெக்னிக் நூலகத்தில் உலகப்படம் உண்டு, இந்தியப் படம் உண்டு, தமிழ்நாட்டு மாவட்டப் படமும் உண்டு. நாம் தினமும் பஸ்ஸில் வந்து இறங்கும் இந்தத் திருவண்ணாமலையின் பழைய வரைபடம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அதெல்லாம் இருக்குமாப்பா?" என்கிறார்கள்.

இருக்கிறது. தேடத் தெரிந்தால் கிடைக்கிறது.

தீபத்துக்கு வருகிற லட்சக்கணக்கான ஜனங்கள் வாங்கிப் போகும் கிரிவலப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் மலை, சுற்றி எட்டு லிங்கம், ஒரு மூலையில் கடையின் விளம்பரம். வடக்கு எது என்று போட்டிருக்காது, அளவும் இருக்காது. கும்பிடுகிறவர்களுக்கு அது போதும். சிவில் டிப்ளமோ படிக்கிற எனக்குப் போதவில்லை.

என் தேடலுக்கு முதல் முட்டுக்கட்டை ஊர்ப் பெயர்தான். 'திருவண்ணாமலை' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் பழைய படம் எதுவும் வராது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் நாக்கில் நம் ஊர் 'டிரினோமலீ'. 1767-ல் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை ஒரு பக்கம் என்று செங்கத்திலும் நம் ஊரிலும் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையால்தான் கம்பெனியின் ராணுவப் படங்களிலும் புத்தகங்களிலும் இந்தப் பெயர் அடிக்கடி வருகிறது. அதே 1767-ல்தான் ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனார். சர்வே ஆஃப் இந்தியா தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்வதும் அதைத்தான். ஆகவே டி-ஆர்-ஐ-என்-ஓ-எம்-ஏ-எல்-இ-இ என்று அடித்துப் பாருங்கள். கடைசியில் ஒரு 'ஒய்' போட்டும் பாருங்கள். நடுவில் ஒரு 'சி' சேர்ந்துவிட்டால் மட்டும் இலங்கைத் திரிகோணமலைத் துறைமுகம் வந்து நிற்கும். கடலும் கப்பலும் தெரிந்தால் அது நம் ஊர் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்!

இரண்டாவது முட்டுக்கட்டை மாவட்டம். நம் மாவட்டம் பிறந்தது 1989 செப்டம்பர் 30-ல். அதற்கு முன்னால் வட ஆற்காடு, இது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். ஆனால் 1911 வரைக்கும் திருவண்ணாமலை தாலுகா தென் ஆற்காட்டில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இது தெரியாமல் காக்ஸ் துரை 1881-ல் எழுதிய வட ஆற்காடு மேனுவலைப் புரட்டினால் நம் ஊருக்கென்று ஓர் அத்தியாயம் கிடைக்காது. பார்க்க வேண்டியது கார்ஸ்டின் எழுதிய தென் ஆற்காடு மேனுவல் (1878), அப்புறம் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென் ஆற்காடு கெசட்டியர் (1906). ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 1911-க்கு முந்தைய காகிதம் என்றால் தென் ஆற்காடு கட்டில் தேட வேண்டும். ஒரு கோடு இடம் மாறியதில் ஓர் ஊரின் நூறு வருஷத்துப் படங்கள் வேறு அலமாரிக்குப் போய்விட்டன.

மூன்றாவது விஷயம் தாள் எண். இதில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது மனப்பாடம் இல்லை, கணக்கு. சர்வே ஆஃப் இந்தியா தாள்களில் நம் பகுதி 57 என்ற பெரிய கட்டத்துக்குள் வருகிறது. வடக்கு அட்சம் 12 முதல் 16 டிகிரி, கிழக்கு ரேகை 76 முதல் 80 டிகிரி. அதை டிகிரிக்கு டிகிரி வெட்டினால் பதினாறு கட்டம். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்துக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் ஏறத்தாழ 12 டிகிரி 14 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 4 நிமிடம் கிழக்கு. ஆக கடைசி வரிசையின் அடிக் கட்டம், அதாவது 'ஓ'வுக்கு அடுத்து வருகிற 'பி'. (தமிழில் எழுதினால் இரண்டு 'பி'யும் ஒன்றாகிவிடும், கடையில் கேட்கும்போது ஜாக்கிரதை.) அந்தக் கட்டத்தையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டி, அதே மாதிரி மேலிருந்து கீழாக எண் போட்டால் நம் ஊர் நான்கில் விழுகிறது. 57 பி/4. போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் செமஸ்டர் ரிசல்ட் அன்றைக்குக்கூட வந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 12 டிகிரி 15 நிமிடக் கோடு மலையுச்சிக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரிலேயே போய்விடுகிறது. அங்கே தாள் முடிந்துபோகும். கிரிவலப் பாதையின் வடக்குப் பகுதி 57 பி/3-ல் விழுகிறது. மலையைச் சுற்ற வேண்டுமானால் இரண்டு தாளை ஒட்டித்தான் சுற்ற முடியும்!

பழைய தாள்கள் மைலுக்கு ஓர் அங்குலம். பிறகு வந்தவை 1:50,000. அங்குலத் தாளில் பெரிய கோயில் நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதாகத்தான் தெரியும். தெரு, குளம், வாய்க்கால் எல்லாம் பார்க்க வேண்டுமானால் வருவாய்த் துறையின் கிராம வரைபடத்துக்குப் போக வேண்டும். மைலுக்குப் பதினாறு அங்குல அளவில் போட்ட படம் கிடைத்தால் அதே கோயில் உள்ளங்கை அளவுக்கு விரியும். அதற்கும் கீழே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம், நாம் எஃப்.எம்.பி. என்று சொல்வது, இருக்கிறது. அதில் பலவற்றை இப்போது அரசின் இணைய சேவையில் செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் அவை இன்றைய கணக்கு. 1980களில் நடந்த யு.டி.ஆருக்கு முந்தைய கணக்கு வேண்டுமானால் பழைய காகிதம்தான் கதி.

இணையத்தில் எங்கே தேடலாம்? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள டேவிட் ரம்சி தொகுப்பில் பழைய இந்தியப் படங்கள் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம், அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட 1:250,000 தாள்களை இலவசமாக வைத்திருக்கிறது. மேனுவலும் கெசட்டியரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தையும் பாருங்கள். இவ்வளவு இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்கலாம். பழைய புத்தகங்களில் வரைபடம் மடித்து ஒட்டியிருக்கும். ஸ்கேன் எடுத்தவர்கள் பல புத்தகங்களில் அந்த மடிப்பை விரிக்கவே இல்லை. திரையில் மடித்த காகிதத்தின் முதுகுதான் தெரிகிறது, ஊர் உள்ளே தூங்குகிறது. அதை விரிக்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ, 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்துக்கோ ஓர் ஆள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். நம் ஊரை மிக நுணுக்கமாக ஆராய்ந்து புத்தகம் போட்டவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு நிறுவனங்கள் மூலமாகத் திருவண்ணாமலையைப் பற்றி மட்டுமே 1989 தொடங்கிப் பல தொகுதிகள் வந்திருக்கின்றன. கல்வெட்டுகள் பி.ஆர். சீனிவாசன் செய்தது, அது ஆங்கிலம். கோயில் கட்டடத்துக்கு ஒரு தொகுதி, ஊருக்கென்றே ஒரு தொகுதி. இந்த இரண்டிலும் பியேர் பிஷார் என்ற கட்டடக் கலைஞரின் உழைப்பு இருக்கிறது. "பிரெஞ்சு யாருக்குப்பா தெரியும்?" என்கிறீர்களா? பிளானும் எலிவேஷனும் படிக்க பிரெஞ்சு எதற்கு? முதல் வருஷத்து டிராயிங் போதும்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இதையெல்லாம் தேடி என்ன ஆகப்போகிறது?

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். எங்க அப்பா கிணறு தோண்டுகிறவர். எங்கே பாறை வரும், எங்கே ஊற்று வரும் என்பது காலில் மிதித்தாலே அவருக்குத் தெரியும். ஆனால் வரைபடம் என்றால் எங்கள் வீட்டில் பயம். வரைபடம் எப்போதும் வேறு யாரோ கையில் சுருட்டிக் கொண்டுவருவது. விரித்துக் காட்டி, "இது புறம்போக்கு, தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டு மறுபடி சுருட்டிக்கொண்டு போவது. அதில் என்ன எழுதியிருந்தது, எந்த வருஷத்துப் படம், வடக்கு எது என்று கேட்க எங்கள் தெருவில் அன்றைக்கு ஓர் ஆள் இல்லை. நான் பழைய தாளைச் செல்போனில் பெரிசாக்கிக் காட்டினபோது அப்பா முதலில் கேட்டது, "அதுல நம்ம தெரு கீதா பாரு" என்பதுதான். ஏரியின் கலங்கலைக் காட்டினேன். அப்புறம் வாய்க்காலை அவரே விரலால் தொட்டு இழுத்துக்கொண்டு போனார், கோடு போன வழியிலேயே விரலும் போயிற்று. எழுத்து தெரியாத மனுஷன் கன்டூர் படித்ததை நான் அன்று பார்த்தேன்.

2024 டிசம்பர் 1-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி ஏழு உயிர் போயிற்று. அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதற்குப் பிறகும் மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று வாய்க்கு வந்ததைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். சர்வே தாளில் கன்டூர் கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து என்று முதல் பாடத்திலேயே படிக்கிறோம். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடினால் நீலக்கோடு, காய்ந்து கிடக்கும் ஓடைக்குக் கறுப்புக்கோடு. நம் மலையில் இருந்து இறங்கும் ஓடைகளில் பெரும்பாலும் மழைக்குத்தான் தண்ணீர். பத்து வருஷம் காய்ந்து கிடந்தால் அது ஓடை என்பதே மறந்துபோகும், மனை போட்டுவிடுவார்கள், வாங்குகிறவனும் நம்மைப்போல ஏழைதான். பழைய தாளில் அந்தக் கறுப்புக்கோடு இருக்கிறது. சமுத்திரம் ஏரி, வேங்கிக்கால் ஏரி, அய்யங்குளம், தாமரைக்குளம் எல்லாவற்றையும் பழைய எல்லையோடு வைத்துப் பார்க்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். பழைய படத்தை அதில் ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்கலாம். பொருத்துப் புள்ளியாக ரோட்டு முனையை எடுக்காதீர்கள், ரோடு நகரும். நான்கு வெளிக் கோபுரங்கள் நகரவில்லை. படத்தில் வருஷம் இல்லை என்றால் ரயில் பாதையைப் பாருங்கள். விழுப்புரம் - காட்பாடிப் பாதை 1890களின் தொடக்கத்தில் வந்தது. கோடு இல்லையென்றால் படம் அதற்கு முந்தையது.

பழைய படம் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் நம் மேல் ஆசைப்பட்டு நிலத்தை அளக்கவில்லை, வரி வாங்க அளந்தான், படை நடத்த அளந்தான். வரி வருகிற நன்செய்யில் பேனா பொறுமையாகப் போகும். சேரிப் பக்கம் வந்தால் ஒரு கட்டத்தைப் போட்டு நகர்ந்துவிடும். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்தார் என்று புத்தகம் சொல்கிறது. சங்கிலியை இழுத்தவன் பெயர் என்ன? 1794-ல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஆரம்பித்த சர்வே பள்ளிதான் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. எட்டுப் பையன்களோடு தொடங்கியது. அந்த எட்டுப் பேரின் வாரிசுதான் நாமும் என்று வைத்துக்கொண்டால், இந்தப் படங்களைத் திருத்துகிற உரிமையும் நமக்கு உண்டு.

"பழைய வரைபடம் வெளியே வந்தால் நம் தெருவே ஓடைப் புறம்போக்கு என்று ஆகிவிட்டால் என்ன செய்வாய்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவுக்கும் அது நேரலாம். ஆனால் அந்தப் படம் ஆபீஸ் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறதே! அவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாமல் இருப்பதில் நமக்கு என்ன லாபம்? மாற்று இடம் கேட்பதானாலும், வாய்க்காலுக்கு வழி விட்டு வீட்டைக் காப்பாற்றுவதானாலும், எதிராளி கையில் இருக்கிற தாள் நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வரைபடம் ராணுவ ரகசியம் என்ற பேச்சும் பழசாகிவிட்டது. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனித் தாள் வரிசையே கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கதவைத் திறந்துவிட்டது.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை. டிராயிங் ஹாலில் காலியாகக் கிடக்கும் மர டிராயர் ஒன்றை நூலகத்துக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். 57 பி/3, 57 பி/4 இரண்டும் வாங்குங்கள். எழும்பூருக்கு நான்கு பேரை ஒரு நாள் அனுப்ப ரயில் செலவு கொடுங்கள், முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வேண்டும். மூன்றாமாண்டு சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப்புக்கு வெளியூர் போவதற்குப் பதிலாக ஒரு வருஷம் நம் ஊர்க் குளங்களையும் அவற்றுக்கு வரும் வாய்க்கால்களையும் அளக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் வரலாம்.