சந்தி முனையோடு நிறுத்தாதீர்கள்!



மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும், எங்கள் வீதியில் நாலைந்து பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டுவோம். போன வாரம் பேச்சு ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்கு பக்கம் திரும்பியது. "டி.வி.யில பாத்தா சம்சாரம், புள்ளைங்க எல்லாம் கடைசி வரைக்கும் நிக்கறாங்களே... பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போலாமாக்கா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் ராணுவத்தில் இருந்தார். இருபது வருஷத்துக்கு முன் வடக்கே பணியில் இருந்தபோது இறந்து, மூன்றாம் நாள் பெட்டியில் வீட்டுக்கு வந்தார். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அம்மா பெட்டியையே தடவித் தடவி அழுதார். ஊரே திரண்டு வந்து மாலை போட்டது. ஆனால் வண்டி கிளம்பியதும், "பொம்பளைங்க இதோட நில்லுங்க" என்று பெரியவர்கள் எங்களைச் சந்தி முனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணியின் உடம்பு தூக்கிப் போட்டது. தேசியக் கொடியை எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்பது விதி. அதனால் பெட்டி மேலிருந்த கொடியை எடுத்து மடித்து, அங்கே நின்ற சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். "என் கையில குடுக்க வேண்டியதை நீங்க ஏனுங்க மாமா வாங்குனீங்க?" என்று அண்ணி கேட்டார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் தப்பில்லை. வாங்க வேண்டியவளைத்தான் நாம் வீட்டில் உட்கார வைத்துவிட்டோமே!

2021 டிசம்பர் 8-ம் தேதி நம் பக்கத்து சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது யாருக்கும் மறந்திருக்காது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, 15-ம் தேதி போய்ச் சேர்ந்தார். மறுநாள் 9-ம் தேதி வெலிங்டனிலிருந்து சூலூருக்கு ஆம்புலன்ஸ்கள் வந்தபோது, வழியெல்லாம் நம் ஜனங்கள் பூத்தூவி நின்றார்கள். பலருடைய உடலை அடையாளம் காண முடியாமல், மரபணு சோதனை முடியும்வரை அந்தக் குடும்பங்கள் காத்துக் கிடந்த கொடுமையும் நடந்தது.

10-ம் தேதி டில்லியில் 17 குண்டுகள் முழங்க, தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே சிதையில் தீ மூட்டியவர்கள் அவர்களுடைய இரண்டு மகள்கள், கிருத்திகாவும் தாரிணியும். அதே இடத்தில் பிரிகேடியர் லிட்டரின் மனைவி கீதிகா, கணவரின் பெட்டியில் முத்தமிட்டு விடை கொடுத்தார். அவர் மகளும் கூடவே நின்றாள். அத்தனை பெரிய ராணுவ மரியாதையில் எந்தச் சாஸ்திரம் கெட்டுப்போனது? வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. "புள்ளை முகத்தைத்தான் பாக்க முடியல, போற வழியையாச்சும் பாத்திருப்பேனே கண்ணு" என்று சாகும்வரை புலம்பியவர் அவர்.

"பெண்களுக்கு மனசு தாங்காது" என்கிறார்கள். செத்த செய்தியைத் தாங்கியவள், மூன்று நாள் பெட்டிக்காகக் காத்திருந்தவள், இனி தனியாகப் பிள்ளைகளை வளர்க்கப் போகிறவள், கடைசி அரை மணி நேரத்தைத் தாங்க மாட்டாளா? பார்க்காத துக்கம்தான் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடுகிறது.

எல்லாப் பெண்களும் கட்டாயம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடியாதவர்கள் வீட்டில் இருக்கட்டும். ஆனால், "வர்றியாம்மா?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வருகிறேன் என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அழுதால் அழட்டும். "வீரனோட சம்சாரம் அழக்கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். அங்கே கொடியை மடித்து நீட்டும்போது, வாங்குகிற கை மனைவியுடையதாகவோ, தாயுடையதாகவோ இருக்கட்டும்.

ராணுவ வீரர் வீட்டுக்கு மட்டுமல்ல, பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டுக்கும் இதையேதான் சொல்வேன். பெற்றவளையும் கட்டியவளையும் சந்தி முனையில் தடுத்து நிறுத்தும் வழக்கம் நம் தலைமுறையோடு போகட்டும். என்ன சொல்கிறீர்கள் சகோதரிகளே?

- ஒரு வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்.