லூனி ஆற்றில் உப்பு யார் போட்டது?

ராஜபாளையத்தில் பல வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு கணக்கு உண்டு. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர் குடிக்க. போர்த் தண்ணீர் புழங்க. போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் "மண்ணு வாகு அப்படி" என்று விட்டுவிடுவார்கள். ராஜஸ்தானின் லூனி ஆற்றைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அஜ்மீர் அருகே ஆரவல்லியில் பிறக்கும் லூனி, கடலைச் சேராமல் கட்ச் ரண்ணில் போய் முடிகிறது. பெயரிலேயே லவணம் இருக்கிறது. பாலோத்ரா வரை நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு என்பது வழிவழியாக வந்த பேச்சு. அது பொய்யும் இல்லை. அங்கே மண்ணிலேயே உப்பு. பக்கத்தில் உப்பு விளையும் பச்பத்ரா. வெயில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது.

ஆனால், பாலி நகரைக் கடந்து வரும் பாண்டி ஆறும், ஜோத்பூர்க் கழிவைச் சுமக்கும் ஜோஜ்ரியும் பாலோத்ராவுக்கு மேலேயே லூனியில் கலக்கின்றன. நல்ல தண்ணீர் என்று பேர் வாங்கிய பகுதியிலேயே சாயக்கழிவு இறங்கிவிடுகிறது. ஜோஜ்ரியின் சீர்கேட்டை 2025-ல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

சாயத்தொட்டியைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். பருத்தியில் அடர்நிறம் பிடிக்க லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடுகிறார்கள். கடல்நீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான். சாயம் துணியில் ஏறும். உப்பு ஏறாது, அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. தெளிந்திருக்கிறதே என்று ஏமாறுவது இங்கேதான்.

நம் தமிழ்நாட்டு நொய்யல் ஆறு இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பாசனத்துக்கென 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அதைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவே வெளியேறாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது.

நம் வைப்பாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். அடித்துச் செல்ல வெள்ளம் இல்லாத ஆற்றில் விழும் உப்பு அங்கேயே தங்கி, கிணற்றுக்குள் இறங்கும். நூலும் பேண்டேஜ் துணியும் நமக்குச் சோறு போடுகின்றன. அவற்றைக் குறை சொல்லவில்லை. கண்மாய், கிணறு, ஓடை மூன்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் உப்பை அளந்து, அந்த எண்ணை ஊராட்சிப் பலகையில் எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அடுத்த கிராமசபையில் நீங்களும் கேளுங்கள்.