ரோடு நல்லா இருந்தாத்தான் பில்லு!



"ரோடு பராமரிப்பையும் தனியாருக்குக் கொடுத்துட்டாங்க, இனி அவ்வளவுதான்." நம்ம ஆட்களே பல பேர் இப்படிப் பேசுறதைக் கேட்கிறோம். கோபம் நியாயம்தான். ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற.

ரோடு வேலையை அன்னைக்கும் தனியார் கான்ட்ராக்டர்தான் பார்த்தார், இன்னைக்கும் அவர்தான் பார்க்கிறார். எதுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

👉 பழைய முறை: எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தார்க்கலவை போட்டார் என்று அளந்து பில். ஒட்டுப்போட்ட இடம் அடுத்த மழையில் பெயர்ந்தால் மறுபடி டெண்டர், மறுபடி பில். ரோடு கெடக் கெட அவருக்கு வேலை!

👉 புது முறை: செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம். தமிழ்நாட்டில் முதலில் பொள்ளாச்சி கோட்டத்தில் வந்தது. பிறகு கிருஷ்ணகிரி, ராமநாதபுரம், திருவள்ளூர், விருதுநகர் என்று விரிந்தது. ஐந்து வருஷத்துக்கு அந்தச் சாலைகள் ஒரே கான்ட்ராக்டர் பொறுப்பு. சொன்ன தரத்தில் ரோடு இருந்தா பணம், இல்லேன்னா பிடித்தம்.

இந்த யோசனை தப்பில்லை. தார் ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணி. விரிசலிலேயே அடைச்சா செலவு கொஞ்சம். விட்டுட்டா தண்ணி உள்ளே இறங்கி, அடித்தளம் இளகி, லாரி ஏறி ஏறி குழியாகும். குழி விழுந்தா தன் பாக்கெட்டில் இருந்து போகும்னு தெரிஞ்ச கான்ட்ராக்டர், மழைக்கு முன்னாடியே விரிசலை அடைப்பார், ஓரத்துக் கால்வாயைத் தூர்வாருவார்.

ஆனா அந்தப் பிடித்தம் உண்மையிலேயே நடக்கணும். ஓட்டை இங்கேதான் இருக்கு.

தனியார் கட்டி டோல் வசூலிக்கும் நாலுவழிச் சாலைகளுக்கான மாதிரி ஒப்பந்தத்தைப் பாருங்க. குழி விழுந்தா 48 மணி நேரத்தில் சரிசெய்யணும். டயர் தடம் 10 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளமானா 30 நாள் கெடு. எழுத்தில் எல்லாம் பக்கா! டோல்கேட்டில் காருக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவுன்னு பெரிய போர்டு வைக்கிறாங்களே, இந்த 48 மணி நேரத்தை எந்த போர்டிலாவது படிச்சிருக்கீங்களா?

மழைத்தண்ணி நிறைஞ்ச குழியோட ஆழம், ராத்திரி பைக்கில் வர்றவருக்குத் தெரியாது. 49-வது மணி நேரமும் அது திறந்து கிடந்தா, அதற்கு விலை கொடுப்பது ஷிஃப்ட் முடிஞ்சு வீடு திரும்பும் யாரோ ஒருத்தரோட குடும்பம்.

2020 டிசம்பரில் மதுரவாயல் – வாலாஜா நெடுஞ்சாலை மோசமா கிடந்தப்போ, சரிசெய்யும் வரை பாதிக் கட்டணம்தான் வாங்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ரோடு பாதின்னா காசும் பாதி. சாதாரண நியாயம்! இதுக்கு ஒவ்வொரு தடவையும் கோர்ட் படி ஏறணுமா?

நாம கேட்பது நாலே நாலு:

1. ஒவ்வொரு சாலையிலும் போர்டு: கான்ட்ராக்டர் யார், எந்தத் தேதி வரை பொறுப்பு, குழியை எத்தனை மணி நேரத்தில் அடைக்கணும்.
2. ரோட்டின் தரத்தை அளந்த அறிக்கை மாதாமாதம் இணையத்தில்.
3. எவ்வளவு பணம் கொடுத்தீங்க, எவ்வளவு பிடிச்சீங்க என்ற கணக்கு.
4. கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் அளக்கணும்.

நாளைக்கு நாம ஆட்சியில் இருந்தாலும் இதே நாலையும் எங்ககிட்ட கேளுங்க.

இப்போ உங்க வேலை: உங்க ஊர் குழியை கிலோமீட்டர் கல்லோட, தேதியோட படம் எடுங்க. மூணாம் நாள் அதே இடத்தில் இன்னொரு படம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: "இந்தச் சாலைக்கு எவ்வளவு பிடித்தம் செய்தீர்கள்?" பதிலை நமக்கு அனுப்புங்க. ஒவ்வொண்ணா இங்கேயே போடுவோம்.

வரி நம்மது. டோல் நம்மது. கணக்கும் நமக்கே வரணும்!

– தகவல் தொழில்நுட்ப அணி

#பிடித்தம்_எங்கே #ரோடு_நல்லா_இருந்தாத்தான்_பில்லு