“இப்போ என்ன ரேட் போகுது?” என்று கேட்ட தோழிக்கு

போன வாரம் என்னோடு எம்.ஏ. சமூகவியல் படித்த தோழி ஒருத்தி போன் செய்தாள். ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி வேலை. மகப்பேறு விடுப்பு முடியப்போகிறது. “வீட்டோட தங்கி பாப்பாவைப் பார்த்துக்க ஆள் வேணும்டி. நீ ஃபீல்டுல இருக்கே. பெரும்பாக்கம், கண்ணகி நகர்ல உங்க ஆளுங்க யாராவது இருப்பாங்கல்ல? இப்போ என்ன ரேட் போகுது?”

அவள் கெட்டவள் இல்லை. வகுப்பில் சாதியைப் பற்றி என்னோடு சேர்ந்து செமினார் எடுத்தவள். ஆனாலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றவுடன் அவளுக்கு நினைவு வந்தது “உங்க ஆளுங்க”. சேரியில்தான் ஆயா கிடைப்பாள் என்பதை அவளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய தேவையும் இல்லை. நகரத்துக்குள் இருந்த குடிசைகளைப் பிடுங்கி, மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தள்ளிவிட்டார்கள். பின்னால் அதே சாலையில் அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று அங்கே போய்ப் பாத்திரம் துலக்குவதும், தரை துடைப்பதும், பிள்ளை தூக்குவதும் இந்தக் குடியிருப்புகளின் பெண்கள்தான்.

அவள் கேட்ட ரேட்டுக்கு வருகிறேன். என் வேலையில் நான் பார்க்கும் வீடுகளில், தெரிந்தவர் மூலம் வரும் பெண்ணுக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கொடுக்கிறார்கள். ஏஜென்சி மூலம் போனால் பதினெட்டு முதல் இருபத்தைந்தாயிரம் வரை கேட்கிறார்கள். அதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கதை. “சாப்பாடு, தங்க இடம் எல்லாம் நாங்கதானே தர்றோம், அப்புறம் எதுக்கு இவ்வளவு?” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அதன் அடிமட்ட அளவு மணிக்கு 37 ரூபாய். வீட்டோடு தங்கி வேலை செய்தால் 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இதைக் கவனியுங்கள். தங்க இடம் கொடுப்பதற்காகக் கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை, கூட்டச் சொல்கிறது. காரணம் எளிது. அந்தப் பெண் அங்கே தங்குவது தன் வசதிக்காக இல்லை. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் கூப்பிட்ட குரலுக்கு எழ வேண்டும் என்பதற்காக.

37 ரூபாயோடு 10 சதவீதம் சேர்த்தால் 40 ரூபாய் 70 காசு. காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சுவதில் தொடங்கி, இரவு பத்து மணிக்குக் குழந்தை தூங்கும் வரை அவள் வேலை நீள்கிறது. சாப்பிட, குளிக்க என்று இரண்டு மணி நேரம் கழித்தாலும் 14 மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் சாதாரண வேலை. மிச்சம் ஆறு மணி நேரம் மிகைநேரம். சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அப்படியானால் ஒரு நாளுக்கு 20 மணி நேரக் கூலி, அதாவது 814 ரூபாய். வார விடுமுறை போக 26 நாளுக்கு 21,164 ரூபாய். அந்த விடுமுறையும் தராமல் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கினால், அந்த நாட்களுக்கும் இரட்டிப்பு. மொத்தம் 25,700 ரூபாயைத் தாண்டுகிறது.

இது 2018-ன் அடிமட்டக் கூலி. அகவிலைப்படி சேர்க்கவில்லை. இரவில் மூன்று தடவை எழுந்ததைச் சேர்க்கவில்லை. இடையிடையே சமைத்ததையும் துணி துவைத்ததையும் சேர்க்கவில்லை. பதினைந்தாயிரம் கொடுத்துவிட்டு “நல்லாத்தான் குடுக்கிறோம்” என்று சொல்பவர்கள் உண்மையில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழேதான் கொடுக்கிறார்கள்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகளில் இருந்த தொழிலாளர்களுக்காகப் போடப்பட்ட வழக்கு அது. பசியால் ஒருவர் எந்தக் கூலிக்கும் ஒத்துக்கொள்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். “அவங்களே ஒத்துக்கிட்டுத்தானே வந்தாங்க” என்பவர்களுக்கு இதுதான் பதில்.

பணத்தோடு இது முடிந்துவிடவில்லை. சில வருடங்களுக்கு முன் நானே ஓர் அக்காவை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டேன். சம்பளத்தைப் பேரம் பேசி இரண்டாயிரம் ஏற்றிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. விடுமுறையைப் பற்றிப் பேச மறந்துவிட்டேன். அக்கா முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். நான்காவது மாதம் ஊரில் அவருடைய மகள் பெரியவளானாள். “குழந்தை உங்ககிட்டதான் சாப்பிடுது, இப்போ போனா எப்படி? போறதா இருந்தா அட்வான்ஸைக் கட்டிட்டுப் போங்க” என்றார்கள். அக்கா போகவில்லை. போனில் என்னிடம் அழக்கூட இல்லை. “எம்பொண்ணு ஒரு வாரமா என்கூடப் பேசல தம்மா” என்று மட்டும் சொன்னார். வாங்கிய முன்பணத்துக்காக ஓர் ஆளைப் பிடித்து வைப்பதைத்தான் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறை என்கிறது. செங்கல் சூளைகளில் அதைத் தேடிப் போகிற எனக்கு, ஏசி போட்ட குழந்தைகள் அறையில் அது கண்ணில் படவில்லை.

அந்த வீட்டில் அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பால்கனியில் துணி துவைக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதே அக்காதான் சோற்றைப் பிசைந்து, சூடு ஆற்றி, குழந்தைக்கு ஊட்டுவார். அந்தக் குழந்தை மிச்சம் வைத்ததைத் தன் வாயில் போட்டுக்கொள்வார். குழந்தையின் வாய்க்குத் தீட்டில்லாத கை, அப்பா அம்மாவின் டம்ளருக்கு மட்டும் தீட்டாகிவிடுகிறது. 17-வது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொன்ன தீண்டாமை, டீக்கடையிலிருந்து கிளம்பி நாலாவது மாடி ஃபிளாட்டில் குடியிருக்கிறது. 2024 ஜனவரியில், சென்னையில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்த தலித் இளம்பெண் சித்திரவதை செய்யப்பட்டதாக வந்த புகாரும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவான வழக்கும் நமக்கு நினைவிருக்கும். அப்படியொரு செய்தி வரும்போது கொதிக்கிறோம். தினமும் நடக்கும் டம்ளர் செய்தியாவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த 1942–46 காலத்தில்தான் ஆலைத் தொழிலாளருக்கு வாரம் 48 மணி நேரம் என்பது சட்டமானது. அந்த எட்டு மணி நேரம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டு வேலைத் தொழிலாளருக்கான ஐ.எல்.ஓ.வின் 189-வது உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது அது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தனிச் சட்டம் இன்னும் வந்தபாடில்லை.

“எனக்கே சம்பளம் அம்பதாயிரம். அதில் பாதியைக் கொடுத்துட்டு நான் எதுக்கு வேலைக்குப் போகணும்?” என்று தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆயாவின் கூலியை ஏன் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறோம்? அப்பாவின் சம்பளம் எங்கே போனது? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினார்களே, உன் கம்பெனியில் அது இருக்கிறதா என்று கேட்டேன். “தெரியலடி” என்றாள். கம்பெனியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல், அந்தச் சுமையை ஒரு சேரிப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். கண்ணகி நகரில் அந்தப் பெண்ணின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதற்கும் ஒரு காப்பகம் வேண்டும்.

தோழிக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். இருபத்தையாயிரத்துக்குக் குறைந்து பேச்சே எடுக்காதே. அதுவும் வாரம் ஒருநாள் முழு விடுமுறையோடு. இரவு நீயும் உன் கணவரும் முறை வைத்து எழுந்திருங்கள். வேலை நேரம், விடுமுறை, மிகைநேரக் கூலி எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடு. அட்வான்ஸைக் காட்டி ஆளைப் பிடித்து வைக்காதே. ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதே. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே கழிவறை. இது முடியாது என்றால், தங்கி வேலை செய்ய ஆள் வைக்க உனக்கு வசதி இல்லை என்று அர்த்தம். எட்டு மணி நேரத்துக்கு ஆள் வை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலருடைய அம்மாவோ சித்தியோ இந்த வேலைக்குப் போய்த்தான் உங்களுக்கு ஃபீஸ் கட்டியிருப்பார்கள். நாளைக்கு நீங்களும் வேலைக்குப் போவீர்கள், உங்களுக்கும் குழந்தை பிறக்கும், நீங்களும் ஆள் தேடுவீர்கள். நீலத்துண்டு போட்ட வீட்டிலும் பதினைந்தாயிரத்துக்கு ஆள் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இந்தக் கணக்கை மறக்காதீர்கள். இன்றைக்கு ஒரு வேலை செய்யலாம். 2007-ல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் உங்கள் தெருவில் எத்தனை அக்காக்கள் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பதியாதவர்களை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். 2018-ல் நிர்ணயித்த அடிமட்டக் கூலியே மணிக்கு 37 ரூபாய், தங்கினால் 10 சதவீதம் கூடுதல், மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்பதை அவர்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள்.

தோழி இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், அந்தக் காப்பகம் என்ன ஆனது என்றுதான் முதலில் கேட்பேன்.

ஜெய் பீம்.