பங்க்கில் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் வேண்டிய விஷயம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் என்ஜின் மொத்தமும் காலியாகிவிடும் என்று ஒருவர் அதில் கத்திக்கொண்டிருந்தார். "சார், கெமிஸ்ட்ரி எடுத்தது நீங்கதான். இது நெஜமா?" என்று கேட்டிருந்தார். அதே நாளில் சொந்தக்காரர் குரூப்பில் இன்னொரு செய்தி: எந்தப் பாதிப்பும் கிடையாது, எல்லாம் வதந்தி என்று. இரண்டுமே முழு உண்மை இல்லை. 32 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன், இதில் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. பாதி எரிந்த பொருள் மாதிரி என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இப்போது 100 லிட்டரில் 80 பெட்ரோல், 20 எத்தனால். பெட்ரோலின் சக்தியை 100 என்று வைத்தால், 80-உம் 13-உம் சேர்ந்து 93. 7 சதவீதம் குறைவு. இதற்கு ஆய்வகம் வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும். அப்படிப்பட்ட இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம். 20 சதவீதத்துக்கென்றே சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான். எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி என்ஜினை அமைத்தால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். ஆகவே கோளாறு எத்தனாலில் இல்லை. அதற்குத் தயாராகாத வண்டியில் அதை ஊற்றுவதில்தான் இருக்கிறது.

என் கார் 2012 மாடல். பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதுவது என் வழக்கம் (வீட்டில் இதற்காக நிறையக் கேலி). முன்பு லிட்டருக்குப் பதினாறரை கொடுத்த வண்டி, இந்த வருடம் பதினைந்தரையைத் தாண்டவில்லை. ஆனால் டயர் காற்று, ஏசி, ஊருக்குள் நெரிசல் எல்லாமே மைலேஜை மாற்றும். என் நோட்டு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது ரப்பர். ஸ்கூட்டரில் பெட்ரோல் வாசனை வந்தது. மெக்கானிக்கும் என் பழைய மாணவர்தான். டியூபைக் கழற்றிக் காட்டினார். உப்பிப்போய், நகம் பட்டால் கீறல் விழுகிற நிலையில் இருந்தது. "எத்தனாலா, வயசா?" என்று கேட்டேன். "15 வருஷத்து டியூப் சார், எப்படிச் சொல்றது?" என்றார். நேர்மையான பதில். எத்தனால் சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் உப்பவைக்கும், தண்ணீரை இழுக்கும் என்பது உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட டியூப் அதனால்தான் போனது என்று சொல்ல அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இதைத் தாங்கும் பொருள்களைப் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டிக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் விவசாயிக்குப் போனால் யாருக்குக் கசக்கும்? பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடும் என் சித்தப்பா மகன், நல்ல விலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டான். அதே சோளத்தைத் தீவனமாக வாங்கும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, 2024-இல் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. லாபம் ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கம். அரசு இரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்கட்டும், தவறில்லை.

என் வருத்தம் வேறு. 20 சதவீதக் கலப்பை 2030-க்குள் கொண்டுவருவோம் என்றார்கள், பிறகு 2025 என்று முன்னால் இழுத்தார்கள், செய்தும் காட்டினார்கள். ஆனால் பெரும்பாலான பங்க்குகளில் போய் நின்றால் நமக்கு வேறு எதுவும் கிடைப்பதில்லை. நான் பெட்ரோல் போடும் இடத்தில் எத்தனை சதவீதக் கலப்பு என்று கண்ணில் படும்படி ஒரு போர்டு இல்லை. அதே நிதி ஆயோக் அறிக்கை, பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக 10 சதவீதக் கலப்பு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றது. சக்தி குறைவதை ஈடுகட்ட, கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் நடக்கவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே இப்போது ஏறிவிட்டது என்று அரசு காரணம் சொல்கிறது. கலப்பில்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

பிரேசிலைப் பாருங்கள். 1975-இலேயே எத்தனால் திட்டம் தொடங்கிய நாடு. அங்கே கலப்பு நம்மைவிட அதிகம், 30 சதவீதம். ஆனால் பங்க்கில் தனி எத்தனாலும் கிடைக்கும், விலையும் தனி. 2003-இலிருந்து இரண்டிலும் ஓடும் கார்கள் வந்துவிட்டன. பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே எத்தனால் விலை இருந்தால் எத்தனால், இல்லையென்றால் பெட்ரோல் என்று சாதாரண ஜனங்களே மனக்கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு விற்கும் பம்பில், எந்த வண்டிக்குப் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று லேபிள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

6 சதவீதம் எனக்குப் பெரிதில்லை. பென்ஷன் வருகிறது, கார் வாரத்துக்கு இரண்டு முறை வெளியே போனால் அதிகம். ஆனால் நம் பள்ளியில் படித்த ஒரு பையன், பழைய பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். மாதம் 60 லிட்டர், சுமார் 6,000 ரூபாய். 3-4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 200 ரூபாய். அவன் வீட்டில் அது ஒரு வாரக் காய்கறி. அந்தப் பணத்தை அவனிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை, கொடுத்ததும் அவனுக்குத் தெரியாது. நாட்டுக்காகக் கொடு என்று கேட்டால் ஒருவேளை சந்தோஷமாகவே கொடுப்பான். சொல்லாமல் எடுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் கேட்பது மூன்றுதான். எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பம்பிலும் எழுதி வையுங்கள். பழைய வண்டிகள் ஓய்வுபெறும் வரை 10 சதவீதக் கலப்பையும் விற்பனையில் வையுங்கள். சக்தி குறைவதற்கு ஏற்ப விலையைக் குறையுங்கள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: பெட்ரோல் மூடி அருகிலும் வண்டியின் கையேட்டிலும் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்று பாருங்கள். பழைய வண்டியென்றால் டியூப், பில்டர், கேஸ்கெட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் டேங்க் காலியாகக் கிடந்தால் ஈரம் சேரும். அதில் ஊற்று, இதில் ஊற்று என்று விற்கும் பாட்டில் மருந்துகளை விளம்பரம் பார்த்து வாங்காதீர்கள். என்னைப் போல ஒரு நோட்டுப் போட்டு மைலேஜ் எழுதுங்கள்.

உங்கள் வண்டி எந்த வருடம், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். தவறாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வகுப்பிலேயே என்னைத் திருத்தியவர்கள்தானே நீங்கள்!

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்